வைகாவூர்க் கலிங்கும் சாவா மூவாப் பேராடும்

ஆரணி என்ற பெயரைக் கேட்டவுடன் பட்டுச் சேலையும், அதற்கு அடுத்தபடியாக அரிசியும் நம்மவர்க்கு நினைவில் எழுவது இயல்பே. ஆனால் அந்நகரிலிருந்து போளூர் செல்லும் திக்கில், வடமாதிமங்கலத்துக்கு அருகே, நெல் வயல்களின் நடுவில் தனித்து நிற்கும் திருமலை என்னும் பாறைக்குன்றை, சமண சமயத்தாரையும் சாசன ஆராய்ச்சியாளரையும் தவிர, அறிந்தவர் சிலரே. நேமிநாத தீர்த்தங்கரரின் சுமார் 16 மீட்டர் உயரமுள்ள பிரதிமை அக்குன்றில்தான் செதுக்கப்பட்டிருக்கிறது. இராஜராஜ சோழனின் தமக்கையார் பெயரால் குந்தவை ஜினாலயம் என்று வழங்கிய கோயிலும் அங்கேதான். இராஜேந்திர சோழனுடைய கங்கைப் படையெடுப்பை வர்ணிக்கும் மெய்க்கீர்த்தியோடு கூடிய பிரசித்தமான சாசனமும் அந்தப் பாறையிலேதான். சரித்திர மாணாக்கர் கங்கை வரிகளைத் தேடி வந்து, படித்து, படம் பிடித்துக்கொண்டு திரும்பும்போது, அடிவாரத்துப் பாறையில் அதற்குச் சற்று முந்திய காலத்துச் சாசனம் ஒன்று இருப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கங்கை நீரைக் குடத்தில் சுமந்து வந்த வீரத்தைவிட, வைகாவூர் நீரை ஒழுங்குபடுத்திய விவேகமே நம் காலத்துக்கு அதிகம் வேண்டியது என்பது என் எண்ணம். ஆகையால் கங்கையை விட்டு அடிவாரத்திலேயே நிற்கிறேன்.

அந்தச் சாசனம் இராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06ஐ ஒட்டிய காலத்தில், செய்யுள் வடிவில் பொறிக்கப்பட்டது. குணவீர மாமுனிவர் என்னும் சமணத் துறவி, கணிசேகர மருபொற்சூரியன் என்ற ஆசாரியரின் பெயரால் ஒரு கலிங்கு நிர்மாணித்தார் என்பதும், அதனால் வைகைமலை என்று அந்நாளில் வழங்கிய இக்குன்றின் இரு மருங்கிலும் நெடுங்காலம் நெல் விளையும்படியாயிற்று என்பதுமே அதன் சாரம். மலையடிவாரத்து ஊருக்கு அப்போது வைகாவூர் என்று பெயர். பங்கள நாட்டின் நடுவில் முகை நாட்டைச் சேர்ந்த பள்ளிச்சந்தம், அதாவது சமணப் பள்ளிக்கு விடப்பட்ட ஊர், என்று இராஜேந்திரன் காலத்துச் சாசனம் அதைக் குறிக்கிறது.

ஒரு திகம்பரத் துறவிக்குக் கலிங்கோடு என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றலாம். மண்ணைக் கிளறினால் புழு பூச்சிக்கு ஹிம்சை நேரும் என்பதால் உழவையே தாழ்வாகக் கருதிய சமயம் சமணம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் தொண்டை மண்டலத்துத் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்துப் பயிரிட்ட குடிகளாகவே இருந்து வந்திருக்கிறார்கள். ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பக்கத்து நயினார் குடும்பங்கள் பல இன்றைக்கும் நெல்லையும் மணிலாவையும் நம்பி வாழ்பவையே. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்று அவர்கள் போற்றும் நான்கு தானங்களில் முதலாவதான ஆகார தானத்துக்கு மூலம் எது என்று அந்த முனிவர் யோசித்திருக்க வேண்டும். அன்னம் இட்டால் ஒரு வேளைப் பசி தீரும். கலிங்கு இட்டால் இரு மருங்கும் விளையும்.

கலிங்கு என்பது ஏரியின் உயிர்நிலை. மதகும் தூம்பும் ஏரிநீரை வயலுக்கு விடுகின்றன. கலிங்கோ, கரை உடையாதபடி மிகையான வெள்ளத்தை அளவறிந்து வெளியே போக்குகிறது. ஜவ்வாது மலையில் ஒரே இரவில் பெய்யும் மழை மறுநாளே கமண்டல நாகநதியிலும் ஓடைகளிலும் பொங்கி வந்து, சில தினங்களில் வெறும் மணலை விட்டுச் செல்லும் இந்தப் பிரதேசத்தில், ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தும், பெய்த நீர் நிற்காது. அதை நிறுத்துவதற்கு ஏரி. நிறுத்திய இடத்தில் அது ஊரை அழிக்காதிருப்பதற்குக் கலிங்கு. கலிங்கில் வழிந்த நீர் வீணாகாமல் அடுத்த ஊரின் ஏரியில் சேர்வதற்குக் கால்வாய். இவ்வாறு ஒன்றன் வயிற்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் இறங்கும் ஏரிச் சங்கிலிகளே பழைய வட ஆர்க்காட்டு ஜில்லாவின் நில அமைப்பை உண்டாக்கின. ஏரி உள்வாயில் புல்லும் மீனும், கரையில் பனையும் புளியும், கரைக்குக் கீழே நஞ்சை, அதற்கப்பால் புஞ்சை, அதற்கும் அப்பால் தழையும் விறகும் தரும் காடு என்று நிலம் இன்னதற்கு இன்னது என வகுக்கப்பட்டிருந்தது, எந்தச் சர்க்கார் திட்டத்தாலும் அன்று. நீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை அறிந்த அனுபவத்தால்.

திருமலையில் இத்தகைய தர்மம் ஒரே தடவை செய்யப்பட்டதோடு முடியவில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, தகடூர் அதிகமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய எழினி செய்துவைத்த யக்ஷ யக்ஷி உருவங்கள் சிதைந்திருந்ததைக் கண்டு, அவற்றைப் புதுப்பித்து மலைமேல் எழுந்தருளச் செய்து, எறிமணி ஒன்றைக் கொடுத்ததோடு, கடப்பேரிக்குக் கால்வாயும் அமைத்துக் கொடுத்தான் என்று பிறிதொரு சாசனம் கூறுகிறது. யக்ஷியும் மணியும் கால்வாயும் ஒரே மூச்சில், ஒரே தர்மத்தின் உறுப்புக்களாகச் சொல்லப்படுகின்றன. ஆலயத் திருப்பணி வேறு, பாசனத் திருப்பணி வேறு என்று நாம் இலாகா பிரித்துப் பார்ப்பது போல் அவர்கள் பார்க்கவில்லை.

இனி, கட்டியதைக் காத்தது எப்படி என்ற கேள்வி எழுகிறது. இக்கட்டுரையின் பிரதான விஷயமும் அதுவே. அதற்கு விடை, வியப்பாக, விளக்குத் தர்மங்களில் கிடைக்கிறது. பழங்காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு வைக்க விரும்பியவர், விளக்கையும் ஒரு குடம் நெய்யையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை விட்டார்கள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு மூப்படைந்து சாகும், குட்டி ஈனும்; மந்தையின் தொகை மாத்திரம் குறையலாகாது. அதனால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று சாசனங்கள் அழைத்தன. ஆடு மேய்ப்பது அரிதான இடங்களிலும் வியாபாரிகள் வாழும் ஊர்களிலும் காசாகவே முதல் வைத்தார்கள். திருமலையில் இராஜேந்திரன் காலத்தில், மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை குந்தவை ஜினாலயத்து விளக்குக்கும் திருவமுதுக்கும் வைத்த காசு இவ்வகையைச் சேர்ந்தது. முதல் அப்படியே நிற்க, அதன் பலிசை, அதாவது வட்டி, விளக்காக எரிந்தது. கங்கை வரிகளுக்காகப் புகழ் பெற்ற சாசனம் இதுதான் என்பதையும், அவ்வளவு பெரிய மெய்க்கீர்த்திக்குப் பின் அதில் சொல்ல வந்த விஷயம் ஒரு வணிகப் பெண்மணியின் விளக்கு என்பதையும் எண்ணும்போது சிறிது சிரிப்பு வருகிறது.

முதலைத் தொடாமல் பலனை மட்டும் உண்ணும் இந்த நியதியே ஏரிக்கும் பொருந்தியது. ஏரிப் பராமரிப்புக்கென்று ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கப்பட்டது. அந்நிலத்தின் விளைவு, ஆண்டுதோறும் ஏரியில் குழி குத்தி மண்ணெடுத்துக் கரையில் இடுவதற்குச் செலவாயிற்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளின் உத்தரமேரூர்ச் சாசனங்களில் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டதாகக் காணும் வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. குடவோலையைப் பற்றி மேடைகளில் பேசாதவர் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த வாரியத்தார் செய்த வேலை பெரும்பாலும் சேற்று வேலை என்பதைச் சொல்பவரைத்தான் காணோம்.

பிற்காலத்திலும் இதன் நிழல் கிராமங்களில் நெடுநாள் நீடித்தது. மடை திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். அறுவடைக் களத்திலேயே அவருக்குரிய நெல் அளக்கப்பட்டது. கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை மாட்டு வண்டிகளில் ஏற்றிப் புஞ்சையில் கொட்டினார்கள். ஏரிக்கு ஆழமும் வயலுக்கு உரமும் ஒரே வேலையில் கிடைத்தன. நாற்று நடுவதற்கு முன் கொழிஞ்சியும் ஆவாரையும் புங்கந்தழையும் சேற்றில் மிதித்தார்கள். இந்த வாழ்க்கையை நான் பொற்காலமென்று வர்ணிக்க முன்வரவில்லை. சேற்றில் இறங்கிக் குழி குத்தியவர் யார், கரைமேல் நின்று கணக்கெழுதியவர் யார் என்பதைப் பார்த்தால், தர்மம் என்ற பெயரில் தாழ்த்தப்பட்டோரின் கூலியில்லா உழைப்பு எவ்வளவு கலந்திருந்தது என்பது விளங்கும். ஆயினும், கட்டும்போதே காப்பதற்கும் வழி வைத்தார்கள் என்ற ஓர் அம்சத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

கும்பினியார் ஆட்சியும் ரயத்துவாரி ஏற்பாடும் வந்தபோது இந்த அம்சமே முதலில் தளர்ந்தது. நிலவரி முழுவதும் கலெக்டர் கஜானாவுக்குச் சென்றது. ஏரியைக் காப்பதற்கு விடப்பட்டிருந்த மானியங்கள் ஆராயப்பட்டு, வரி கட்டப்பட்டு, தனியார் சொத்தாக மாறின. ஏரி வெட்டியவர் அதைக் காக்கும்வரை விளைவில் பத்தில் ஒரு கூறு அனுபவிக்கலாம் என்ற தசபந்த மானியமும் காலப்போக்கில் அனுபவம் நிலைத்து, கடமை மறைந்த கதையாயிற்று. முதலை எடுத்துக்கொண்டபின், குடிகளே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து மட்டும் நடக்க வேண்டுமென்று சர்க்கார் விரும்பிற்று. 1858இல் அதற்கென்று ஒரு சட்டமும் பிறந்தது. வழக்கப்படி வேலைக்கு வராதவர் அந்த வேலையின் பெறுமானத்தைப் போல் இரு மடங்கு கொடுக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பலன் ஒன்றும் பெரிதாக இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் கோபுரம் கோபுரமாக நெல் விளைந்த ஜில்லாக்களிலும் மக்கள் மடிந்த பிறகு, 1883இல் ஏரிப் புனருத்தாரணத் திட்டம் ஒன்று தொடங்கி, சர்வேயர்கள் ஊர் ஊராகச் சென்று கரைகளை அளந்தார்கள். ஆனால் அளந்து திருத்தியவர்கள் பொதுமராமத்து இலாகாவினர். திருத்திய கரையை மறு வருஷம் யார் பார்ப்பது என்பதற்கு ஏரிப்பட்டி இல்லை.

அதே காலத்தில் விளக்கிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. ஊர்த்தோப்பில் உதிர்ந்த இலுப்பைக் கொட்டையையும் புங்கங் கொட்டையையும் செக்கிலிட்டு எரித்த வீடுகளில் சீமையெண்ணெய் வந்து புகுந்தது. வெளிச்சம் அதிகம், விலை குறைவு. மறுக்க முடியாத வசதிதான். ஆனால் அதன் ஊற்று தோப்பில் இல்லை, கடலுக்கப்பால் இருந்தது. இந்தப் பேதத்தைக் கணக்காகவே எழுதிக் காட்டியவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. அவர் லண்டனில் பயின்ற கணக்குத் தணிக்கையாளர் என்பது இங்கே முக்கியம். முதலைச் செலவழித்து வாழ்பவனை லாபக்காரன் என்று எந்தத் தணிக்கையாளரும் எழுதமாட்டார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகம் போன்றவை தேங்கிய நிதி, எடுக்க எடுக்கக் குறையும், அதற்காகப் போர் மூளும். ஓடும் நீர், வளரும் மரம், விளையும் பயிர் போன்றவை ஓடிவரும் வருவாய், அளவறிந்து துய்ப்பவர்க்குக் குறையாது என்று அவர் பாகுபடுத்தினார். சிறையிலிருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த அவருடைய நிலைபேறுடைய பொருளாதாரம் பற்றிய நூல் இக்கருத்தை விரித்துரைக்கிறது. வார்தாவின் மகன்வாடியில் அவர் நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கம், மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற லாந்தரையும் உருவாக்கிற்று. இறுதிக் காலத்தை மதுரைச் சீமையில், கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனத்தோடு இணைந்து கழித்து, 1960 ஜனவரி 30இல் அவர் மறைந்தார். சாவா மூவாப் பேராட்டை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, அவர் சொன்னது அதுதான்.

அவர் மறைந்த அந்தத் தசாப்தத்திலேயே வட ஆர்க்காட்டில் மின்சாரப் பம்புசெட்டுகள் பெருகத் தொடங்கின. அதற்கு முன் கிணற்றில் கவலை பூட்டினார்கள், ஏற்றம் இறைத்தார்கள். இரண்டு காளைகளின் மூச்சுக்கும் மனிதனின் தோளுக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பே கிணற்றுக்கும் வரம்பாக இருந்தது. மோட்டார் வந்ததும் அந்த வரம்பு அகன்றது. புதிய நெல் ரகங்கள் வந்தன. ஒரு போகம் கண்ட புஞ்சை இரு போகம் கண்டது. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இந்த ஜில்லாவின் கிராமங்களுக்கு வந்து, பசுமைப் புரட்சி என்பது உண்மையில் எவ்வளவு என்று ஆராய்ந்தபோது, கிணறும் மோட்டாருமே அதன் அச்சாணியாக இருக்கக் கண்டார்கள். களம்பூரிலும் ஆரணியிலும் அரிசி ஆலைகள் பெருகியதும் இந்த விளைவினால்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கவலை ஓட்டியவரின் பேரனிடம் போய்க் கவலையின் பெருமையைச் சொல்பவர் நல்ல பதில் கேட்டுத் திரும்புவார். எனினும், சொந்தக் கிணறு உடையவருக்கு ஏரி எதற்கு? வண்டலை எடுக்க ஆள் இல்லை. கால்வாயில் வீடு முளைத்தது. உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டிற்று. 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானபின், கிணற்றின் அடியில் இருந்த நீர் ஆழ்துளைக்குள் இறங்கி, ஏரிக்கும் கிணற்றுக்கும் இருந்த பழைய உறவு, ஏரி நிறைந்தால் கிணறு ஊறும் என்ற அந்த எளிய உறவு, பல ஊர்களில் அறுந்தது.

இப்போது சூரியன் வந்திருக்கிறான். 2011இல் தமிழக அரசு தொடங்கிய சூரிய மின்சக்திப் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் ஐந்து சூரிய விளக்குகள் என்ற ஏற்பாட்டோடு, ஆண்டுக்கு 60,000 வீடுகள் கட்டுவதென்று முடிவாயிற்று. 2019இல் மத்திய அரசு வயலுக்குச் சூரிய பம்புசெட் வழங்கும் குசும் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டும் நல்ல எண்ணத்தில் பிறந்தவை. ஆயின் கதிரொளி சாவாதது, மூவாதது. பாட்டரியோ சில ஆண்டுகளில் மூத்துச் சாவது. விளக்கைத் தந்தவர்கள் அந்த ஓர் உழக்கு நெய்க்கு என்ன வைத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பம்புசெட்டிலோ ஆபத்து வேறு விதம்: சூரியன் இருக்கும்வரை இறைக்கலாம், கட்டணம் இல்லை, கரி இல்லை, புகை இல்லை, கீழே நீர் மட்டும் குமரப்பா சொன்ன தேங்கிய நிதியாகக் குறைந்துகொண்டே போகும். வற்றாத ஒன்றைக் கொண்டு வற்றும் ஒன்றை வற்றச் செய்வது ஒரு விசித்திரமான நிலை. மழைநீரைத் தேக்கும் ஏரியைச் சீர்செய்யாமல் சூரிய பம்புசெட்டை மட்டும் கொடுப்பது, மந்தையைக் கொடுக்காமல் நெய் மட்டும் கேட்பதற்கு ஒப்பாகும்.

ஏரியைச் சீர்செய்யும் முயற்சியும் நடவாமல் இல்லை. 2017இல் குடிமராமத்து என்ற பழம்பெயரோடு, ஏரிப் பாசன நிலமுடைய ஆயக்கட்டுதாரர் செலவில் பத்தில் ஒரு பங்கு ஏற்கும்படியான திட்டம் 100 கோடி ரூபாயில் தொடங்கியது. வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ளவும் அதே ஆண்டில் அனுமதி கிடைத்தது. கரை பலப்பட்டது, மதகு புதிதாயிற்று. ஆனால் ஏரியின் இயற்கையான வருமானங்களாகிய மீன் குத்தகையும் மரக் குத்தகையும், அந்த ஏரியின் கணக்கிலேயே நிற்காமல், பெரும்பாலும் பொதுக் கணக்கில் போய்க் கலந்துவிடுகின்றன. அந்தக் குத்தகைகளே இக்காலத்து ஏரிப்பட்டியாக இருக்கத் தக்கவை என்பதை எந்த நீர்க்கட்டியும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்.

சூரிய மின்சாரத்துக்கு வேண்டிய நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரை அடைத்துக்கொண்டிருக்கிறது. மானாவாரிக் காட்டை வெற்று நிலமென்று காகிதத்தில் எழுதிவிடலாம். அங்கே மேயும் ஆட்டுக்கு அது வெற்று நிலமன்று. இதற்கு மாறாக, நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கூறாகிய உமி, புழுங்கலரிசி ஆலைகளில் கொதிகலனுக்கு எரிபொருளாகி, அதே நெல்லை அவித்துக் கொடுக்கிறது. இதற்காக ஒரு காணி நிலமும் யாரிடமிருந்தும் எடுக்கப்படவில்லை. புகையும் சாம்பலும் ஊராருக்குத் தொல்லை என்பது உண்மையே; எனினும் எரிபொருளைத் தன் தொழிலிலிருந்தே பெறும் தொழில் எத்தனை உண்டு?

ஊர்ப் பொதுவில் முதல் வைத்த காரியத்துக்கு நம் நாளில் ஓர் உதாரணம் தேடினால், திருமலைக்கு வெகு தொலைவில், மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சிக்குப் போக வேண்டும். 2006இல் அவ்வூராட்சி, தன் சேமிப்பிலிருந்து 40 லட்ச ரூபாயும் வங்கிக் கடனாக 1.15 கோடி ரூபாயும் திரட்டி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப் பக்கத்தில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவிற்று. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் விளைந்தது. தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் கொண்ட ஊரின் தேவை 4.5 லட்சம் யூனிட். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடன் தவணை கட்டினார்கள். மானியத்துக்குக் கைநீட்டாமல் ஓர் ஊர் தனக்கென்று மந்தை பிடித்த கதை இது. ஆட்டுக்கும் காற்றாலைக்கும் ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: ஆடு குட்டி போடும், காற்றாலை போடாது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அது தேய்ந்து நிற்கும்போது அதனிடத்தில் மற்றொன்றை நிறுத்துவதற்கான தொகை, விற்ற மின்சாரத்தின் வரவிலிருந்தே ஆண்டுதோறும் ஒதுங்கிக்கொண்டிருக்க வேண்டும்; வைகாவூரில் காசு பெற்றவர்கள் முதலைத் தொடாமல் பலிசையை மட்டும் விளக்குக்கு அளந்ததைப் போல, அந்த ஒதுக்கீட்டைத் தொடுவதில்லை என்று ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டிய வேலை, காற்றாலை சுழலத் தொடங்கும் ஆண்டிலேயே உரியது.